‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் வரும் வெள்ளியா, அதற்கு அடுத்த வெள்ளியா?

கேள்வி: பின்னலாடைப் பிரிவு (திருப்பூர்)

நண்பர்களுக்கு வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்து முடித்துக்கொடுப்பவராகப் பணியாற்றுகிறேன். இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி ஆகிய நாடுகளின் பையர்களோடு (சரக்கு வாங்குபவர்களோடு) நாள்தோறும் மின்னஞ்சலில் பேசுவதுதான் என் வேலை. இந்தச் செவ்வாய்க்கிழமை காலை மான்செஸ்டரிலிருந்து ஒரு பையர், திருத்திய ஃபிட் சாம்பிள்கள் (அளவு சரிபார்க்கத் தைத்து அனுப்பும் மாதிரிகள்) ‘பை நெக்ஸ்ட் ஃப்ரைடே’ தம் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எங்கள் பிரிவே இரண்டு கட்சியாகிவிட்டது. மூன்று நாளில் வரும் வெள்ளியைத்தான் அவர் சொல்கிறார் என்றால், செவ்வாய் மாலைக்குள்ளேயே தையல் பிரிவிலிருந்து சாம்பிளை வாங்கி, அளவு பார்த்து, கூரியரில் கொடுத்தாக வேண்டும். அப்படிச் செய்தாலும் வெள்ளிக்குள் போய்ச் சேருமா என்பது ஐயமே. அதற்கு அடுத்த வார வெள்ளி என்றால் பத்து நாள் இருக்கிறது. சாயப்பட்டறையிலிருந்து துணி வந்து சேர்ந்த பிறகு, கேட்ட நிறத்திலேயே தைத்து அனுப்பிவிடலாம்.

பையரிடமே கேட்டுத் தேதியை உறுதி செய்துகொண்டோம்; எனவே அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் இதே போன்ற தொடர்கள் வாரந்தோறும் வந்துகொண்டேயிருக்கின்றன. ‘திஸ் ஃப்ரைடே’, ‘ஃப்ரைடே வீக்’, ‘பை-வீக்லி’, ‘மூவ்டு ஃபார்வர்ட்’ என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறோம். தமிழில் ‘வருகிற வெள்ளி’ என்று சொல்லிவிட்டால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆங்கிலத்தில் இதற்குத் தெளிவான இலக்கண விதி ஏதும் உண்டா? பிரிட்டிஷார் ஒரு விதமாகவும் அமெரிக்கர் வேறு விதமாகவும் சொல்கிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால், எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளையவர்களுக்கும் படித்துக் காட்டுவேன்.

மறுமொழி 1: ஆங்கில ஆசிரியர்

வணக்கம். விதி உண்டா என்று கேட்டீர்கள். எல்லாரும் ஏற்றுக்கொண்ட விதி கிடையாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே ஒரே வீட்டுக்குள் இதில் மாறுபடுகிறார்கள். ஆனால் குழப்பம் எங்கே பிறக்கிறது, எங்கே பிறப்பதில்லை என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியும். எது விதி என்று தேடுவதைவிட அதுதான் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

‘நெக்ஸ்ட்’ என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். முதலாவது, வரிசைப்படி எது முதலில் வருகிறதோ அதுவே ‘நெக்ஸ்ட்’ என்பது. ரயிலில் ‘நெக்ஸ்ட் ஸ்டேஷன்’ என்று அறிவித்தால் வண்டி முதலில் சென்று நிற்கும் நிலையத்தைத்தான் நினைக்கிறோம். அந்த நிலையத்தைத் தாண்டி இன்னொன்றை நினைப்பதில்லை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘மிக அருகிலுள்ள’ என்ற பொருளிலேயே தோன்றியது என்பதால், இப்படிப் படிப்பவர்களுக்குச் சொல் வரலாறும் துணை நிற்கிறது. இரண்டாவது, நாளை வாரத்தோடு சேர்த்துப் படிப்பது. இந்த வாரத்து வெள்ளி ‘திஸ் ஃப்ரைடே’, அடுத்த வாரத்து வெள்ளி ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’. அருகிலுள்ள வெள்ளியைச் சொல்லத்தான் ‘திஸ்’ இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஒருவர் ‘நெக்ஸ்ட்’ என்று சொல்கிறார் என்றால் வேறு வெள்ளியைத்தான் குறிக்கிறார் என்பது இவர்களுடைய வாதம். இரண்டிலும் நியாயம் இருப்பதால்தான் வழக்கு இன்னும் முடியவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த இரு வாசிப்பும் எப்போதும் மோதுவதில்லை. புதன்கிழமையன்று ஒருவர் ‘நெக்ஸ்ட் டியூஸ்டே’ என்று சொன்னால், இந்த வாரத்துச் செவ்வாய் ஏற்கெனவே கடந்துவிட்டது. வரிசைப்படி முதலில் வரும் செவ்வாயும் அடுத்த வாரத்துச் செவ்வாயும் ஒன்றேதான். அங்கே ஐயமே எழாது. குறிப்பிடப்படும் கிழமை இந்த வாரத்தில் இன்னும் வராமல் இருந்தால் மட்டுமே மோதல் உண்டாகிறது. அதிலும் தூரத்தைப் பொறுத்து வேறுபாடு உண்டு. வியாழனன்று ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் அதை மறுநாள் என்று கொள்பவர் அநேகமாக இருக்க மாட்டார். மறுநாளைச் சொல்ல ‘டுமாரோ’ இருக்கிறது. திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாள்களில் சொல்லப்படும் ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’தான் உண்மையில் ஆபத்தானது. உங்கள் மான்செஸ்டர் கடிதம் செவ்வாயன்று வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இதற்குள்ளேயே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது? ஐ.எஸ்.ஓ. 8601 என்ற பன்னாட்டுத் தரப்படி வாரத்தின் முதல் நாள் திங்கள். ஐரோப்பிய நாட்காட்டிகள் பலவும் அப்படியே அச்சாகின்றன. அமெரிக்காவிலோ ஞாயிறுதான் முதல் கட்டத்தில் இருக்கும்; நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரும் பெரும்பாலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையன்று அமெரிக்கர் ஒருவருக்கு இரண்டு நாளில் வரும் செவ்வாய் ‘இந்த வாரத்து’ நாள். திங்களில் வாரத்தைத் தொடங்குகிறவருக்கு அதே செவ்வாய் ‘அடுத்த வாரத்து’ நாள். ஆகவே இருவரும் வாரக்கணக்கு வாசிப்பையே பின்பற்றினாலும் ஞாயிறன்று அவர்களுக்குள் ஒத்துப்போகாது.

மாதங்களுக்கும் இது பொருந்தும். ‘நெக்ஸ்ட் மன்த்’ என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அக்டோபரில் ஒருவர் ‘நெக்ஸ்ட் டிசம்பர்’ என்று எழுதினால், இரண்டு மாதத்தில் வருவதா, அடுத்த ஆண்டு வருவதா என்று கேட்டே ஆக வேண்டும்.

நீங்கள் சொன்ன ‘வருகிற வெள்ளி’க்கு நேரானது ‘திஸ் கமிங் ஃப்ரைடே’. அது ஆங்கிலத்திலும் ஐயமற்றது, தயங்காமல் எழுதலாம்.

மறுமொழி 2: வெளிநாட்டுக் கிளைப் பணியாளர்

ஆசிரியர் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிரிட்டிஷார் அடுத்த வாரத்தையும் அமெரிக்கர் அருகிலுள்ள நாளையும் ‘நெக்ஸ்ட்’ என்கிறார்கள். பையர் எந்த நாட்டவர் என்று பார்த்து முடிவு செய்துவிடலாம்.

மறுமொழி 3: ஆங்கில ஆசிரியர்

நண்பரே, அந்தப் பிரிவினையை ஒரு விதியாக இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இரு நாட்டிலும் இரு வழக்கும் இருக்கின்றன. ஒரே ஊரில் வளர்ந்த அண்ணனும் தம்பியும் மாறுபடும் விஷயத்தில் கடவுச்சீட்டைப் பார்த்துப் பொருள் கொள்ளத் தொடங்கினால், தவறு நேரும்போது அது நமக்குத் தெரியவே வராது. சரியாகத்தான் படித்தோம் என்ற நம்பிக்கையிலேயே சரக்கை அனுப்பிவிடுவோம். நாடு சார்ந்த வேறுபாடு வேறு சில தொடர்களில் உண்மையாகவே இருக்கிறது. அவற்றைப் பிரிட்டனில் வாழ்பவர் யாரேனும் எழுதினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 4: கிளாஸ்கோவிலிருந்து

நான் ஸ்காட்லாந்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். இவை என் காதில் நாள்தோறும் விழுபவை என்பதால் எழுதுகிறேன்.

‘ஃப்ரைடே வீக்’ என்றால் வரும் வெள்ளியிலிருந்து சரியாக ஒரு வாரம் கழித்து வரும் வெள்ளி. ‘எ வீக் ஆன் ஃப்ரைடே’ என்பதும் அதே பொருள்தான். ‘டுமாரோ வீக்’ என்றால் நாளை என்ன கிழமையோ அதே கிழமை, ஒரு வாரம் தள்ளி. ‘ஃப்ரைடே ஃபோர்ட்நைட்’ என்றால் வரும் வெள்ளியிலிருந்து இரண்டு வாரம் தள்ளி. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இவை இயல்பான பேச்சு. பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு இவை பழக்கமில்லை. அவர்கள் ‘எ வீக் ஃப்ரம் ஃப்ரைடே’ என்பார்கள். ‘ஃபோர்ட்நைட்’ என்ற சொல்லையே அமெரிக்கர் அன்றாடப் பேச்சில் எடுப்பது அரிது. எனவே பிரிட்டிஷ் பையருக்கு ‘ஃப்ரைடே வீக்’ என்று எழுதினால் அவருக்கு விளங்கும். அதே கடிதத்தின் நகலை நியூயார்க் அலுவலகத்துக்கும் அனுப்பினால் அங்கே அதை ‘இந்த வார வெள்ளி’ என்று படித்துவிடக்கூடும். இந்தத் தொடரை முதன்முறையாகக் கேட்கும் நம்மவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்காட்லாந்துக்கே உரிய ஒன்று உண்டு. வயது முதிர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் மருந்துச்சீட்டைக் கவுன்டரில் வைத்துவிட்டு, ‘ஃப்ரைடே ஃபர்ஸ்ட்’ வந்து வாங்கிக்கொள்கிறேன் என்பார். முதலில் வரும் வெள்ளி, அதாவது வருகிற வெள்ளி என்று பொருள். பக்கத்தில் நிற்கும் லண்டன்காரருக்கு அது புரியாது. இங்கே ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் அதற்கு அடுத்த வெள்ளியைத்தான் பலரும் கொள்கிறார்கள். அருகிலுள்ளதைச் சொல்லத் தனியாக ஒரு தொடர் இருப்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியிருந்தாலும், எங்கள் கடையில் மருந்துப் பையின் மேல் கிழமையையும் தேதியையும் சேர்த்துத்தான் எழுதி ஒட்டுகிறோம். எழுதும்போதே தேதியை வாய்விட்டும் சொல்வோம். அப்போதே வாடிக்கையாளர் இல்லை என்று திருத்திவிடுவார்.

‘பை-வீக்லி’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாரத்துக்கு இருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ற இரண்டு பொருளையுமே அகராதிகள் தருகின்றன. அகராதியைத் திறந்து இதைத் தீர்க்க முடியாது. அமெரிக்கச் சம்பளப் பேச்சில் மட்டும் அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதாவது வழக்கமாக ஆண்டுக்கு 26 சம்பளம் என்று உறுதியாக வழங்குகிறது. ‘பை-மன்த்லி’க்கும் இதே கதிதான். பிரிட்டிஷாருக்கு ‘ஃபோர்ட்நைட்லி’ என்றும், மற்றவர்களுக்கு ‘எவ்ரி டூ வீக்ஸ்’ அல்லது ‘ட்வைஸ் எ வீக்’ என்றும் எழுதுங்கள்.

மறுமொழி 5: மொழியியல் மாணவி

கேள்வியில் இருந்த ‘மூவ்டு ஃபார்வர்ட்’ என்ற தொடரை இதுவரை யாரும் தொடவில்லை. இதை ஆய்வாளர்கள் விரிவாகவே சோதித்திருக்கிறார்கள் என்பதால் சேர்க்கிறேன்.

‘அடுத்த புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் மூவ்டு ஃபார்வர்ட்’ என்று சொன்னால் கூட்டம் எந்த நாளில் நடக்கும்? ஆங்கிலம் பேசுவோரில் ஒரு பகுதியினர் திங்கள் என்கிறார்கள்; இன்னொரு பகுதியினர் வெள்ளி என்கிறார்கள். மக்லோன், ஹார்டிங் ஆகிய இருவரும் 1998இல் இவ்வகைச் சொற்றொடர்களை ஆராய்ந்தனர். லெரா போரோடிட்ஸ்கி 2000இலும், மைக்கேல் ராம்ஸ்கருடன் சேர்ந்து 2002இலும் இதே கேள்வியைப் பயன்படுத்தி ஆய்வுகளை வெளியிட்டார். காலத்தின் ஊடாகத் தாம் முன்னேறிச் செல்வதாக மனத்துள் கொள்பவருக்கு ‘ஃபார்வர்ட்’ என்பது தாம் செல்லும் திசை, ஆகவே வெள்ளி. காலமே தம்மை நோக்கி வந்துகொண்டிருப்பதாகக் கொள்பவருக்கு ‘ஃபார்வர்ட்’ என்பது தம் பக்கம், ஆகவே திங்கள்.

2002 ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்தது, இடம்பெயர்வதைப் பற்றி எண்ணுவது கூட விடையை மாற்றியது என்பதுதான். உருளைகள் வைத்த நாற்காலியில் அமர்ந்து, அதை ஓரிடத்துக்கு நகர்த்திச் செல்வதாக எண்ணிப்பார்க்கச் சொல்லப்பட்டவர்கள் வெள்ளியையும், அதே நாற்காலியைக் கயிற்றால் தம்மிடம் இழுத்துக்கொள்வதாக எண்ணிப்பார்த்தவர்கள் திங்களையும் கூடுதலாகச் சொன்னார்கள். விமான நிலையத்தில், பயணம் முடித்து அப்போதுதான் வந்திறங்கியவர்கள், பிறரை வரவேற்கக் காத்து நின்றவர்களைவிட அதிகமாக வெள்ளியைச் சொன்னார்கள். ஒரே சொற்றொடரை ஒரே மொழிக்காரர்கள் தாம் நிற்கும் நிலையைப் பொறுத்து வேறு வேறாகப் படிக்கிறார்கள் என்றால், கடல் கடந்து மின்னஞ்சலில் படிக்கும் நாம் ‘ஃபார்வர்ட்’ என்ற சொல்லை நம்பித் தேதி குறிப்பது சரியல்ல.

நடைமுறையில், ‘பிராட் ஃபார்வர்ட்’ என்றால் பிரிட்டிஷாருக்கு முன்னதாகவே நடக்கும் என்று பொருள். அதே பொருளில் அமெரிக்கர் ‘மூவ்டு அப்’ என்பார்கள். ‘புஷ்டு பேக்’ என்றால் தள்ளிப்போடப்பட்டது. முன்னதாக மாற்றுவதைக் குறிக்க நாம் பழகிய ‘பிரிப்போன்’ இந்தியாவில் எல்லார்க்கும் விளங்கும், வெளியே அவ்வளவாக விளங்காது. அதற்குப் பதில் ‘எர்லியர்’ என்ற எளிய சொல்லோடு புதிய தேதியை எழுதிவிடுவது நல்லது.

மறுமொழி 6: வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து

எல்லாரும் எந்த வெள்ளி என்பதையே பேசுகிறீர்கள். வெள்ளி எது என்று உறுதியான பிறகும் ‘பை’ என்ற சிறிய சொல் மிச்சமிருக்கிறது. ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளியும் சேர்ந்தது என்பதே பொதுவான வழக்கு. ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு முடிந்தது. ‘அன்டில் ஃப்ரைடே’ என்பதில் வெள்ளி உள்ளே இருக்கிறதா இல்லையா என்று வாதிடலாம். அமெரிக்கர் எழுதும் ‘த்ரூ ஃப்ரைடே’ என்பதில் வெள்ளி உறுதியாக உண்டு. நம் நாட்டின் சட்டங்களைப் பொறுத்தவரை இந்த ஐயத்தை 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் 9ஆம் பிரிவில் தீர்த்து வைத்திருக்கிறது. காலக்கெடுவில் ‘ஃப்ரம்’ என்று வந்தால் முதல் நாளை நீக்கியும், ‘டு’ என்று வந்தால் கடைசி நாளைச் சேர்த்தும் எண்ண வேண்டும். ஆனால் அது சட்டங்களுக்கான விதி. உங்கள் பையரின் மின்னஞ்சல் அதற்குக் கட்டுப்பட்டதல்ல.

‘மிட்நைட் ஃப்ரைடே’ என்று எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். வியாழன் முடிந்து வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, வெள்ளி முடியும் நள்ளிரவா என்பது அதில் இல்லை. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமே, நள்ளிரவு என்று சொல்லாமல் இரவு 11:59 அல்லது 12:01 என்று குறிக்கும்படி அறிவுறுத்துகிறது. நேர வேறுபாட்டையும் சேர்த்துப் பாருங்கள். நியூயார்க்கில் வெள்ளி மாலை 5 மணிக்கு அலுவலகம் மூடும்போது இங்கே, அவர்களுடைய கோடைக்காலத்தில் சனி அதிகாலை 2:30, குளிர்காலத்தில் 3:30. ‘ஃப்ரைடே குளோஸ் ஆஃப் பிசினஸ்’ என்றால் யாருடைய மாலை என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

தேதியை எண்களால் மட்டும் எழுத வேண்டாம். 5/6 என்பது லண்டனில் ஜூன் 5, நியூயார்க்கில் மே 6.

பின்னலாடைப் பிரிவு (திருப்பூர்)

அனைவருக்கும் நன்றி. எங்கள் பதில் கடிதங்களில் இனிமேல் ‘ஃப்ரைடே, 18 ஜூன், 5 பி.எம். யு.கே. டைம்’ என்ற வடிவத்தையே பயன்படுத்துவதாகப் பேசி முடிவு செய்திருக்கிறோம். கிழமை, தேதி இரண்டையும் எழுதத்தான் வேண்டுமா, தேதி மட்டும் போதாதா என்று ஒருவர் கேட்கிறார். இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கள் ஜெர்மன் பையர் கிழமையையே எழுதுவதில்லை. ‘டெலிவரி வீக் 24’ என்று எழுதுகிறார். எக்செலில் வார எண்ணைப் போட்டுப் பார்த்துத்தான் திட்டமிடுகிறோம். அது சரிதானா?

மறுமொழி 7: ஆங்கில ஆசிரியர்

இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள். தேதியை மட்டும் எழுதும்போது விரல் தவறி 18க்குப் பதில் 19 என்று அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கிழமையும் கூட இருந்தால், ‘ஃப்ரைடே 19’ என்று பார்த்த மாத்திரத்தில் நாட்காட்டியை வைத்திருக்கும் பையர், இரண்டும் பொருந்தவில்லையே என்று உடனே எழுதிக் கேட்பார்.

வார எண்ணைப் பற்றிய உங்கள் கேள்விதான் இந்த விவாதத்திலேயே பணச்செலவு மிகுந்தது என்பேன். ஜெர்மனியில் வார எண்கள் ஐ.எஸ்.ஓ. கணக்குப்படி வழங்குகின்றன. ஆண்டின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் விழுகிறதோ அதுவே முதல் வாரம். வாரம் திங்களில் தொடங்கும். எக்செலின் ‘வீக்நம்’ என்ற சார்போ (ஃபங்ஷனோ), வேறு எதுவும் சொல்லாதபோது, ஜனவரி 1 இருக்கும் வாரத்தை முதல் வாரமாகவும் ஞாயிறை வாரத் தொடக்கமாகவும் கொள்கிறது. பல ஆண்டுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போவதால் வேறுபாடு கண்ணில் படாது. ஜனவரி 1 வெள்ளி அல்லது சனியாக அமையும் ஆண்டுகளில் முழுதாக ஒரு வாரம் பிசகும். 2027 அப்படிப்பட்ட ஆண்டு. அதன் முதல் நாள் வெள்ளி. அந்த ஆண்டில் ஜெர்மானியரின் 24ஆம் வாரம் ஜூன் 14 திங்கள் முதல் ஜூன் 20 ஞாயிறு வரை. ‘வீக்நம்’ காட்டும் 24ஆம் வாரமோ ஜூன் 6 முதல் ஜூன் 12 வரை. ‘ஐ.எஸ்.ஓ.வீக்நம்’ என்று தனியாக ஒரு சார்பு எக்செல் 2013 முதல் இருக்கிறது. உங்கள் தாளில் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகும், ஆர்டரை உறுதி செய்யும் கடிதத்தில் ‘வீக் 24, மன்டே 14 ஜூன்’ என்று அந்த வாரத்துத் திங்களின் தேதியை எழுதிக் கேட்டுவிடுங்கள். கூடவே, ‘டெலிவரி’ என்று அவர் குறிப்பது சரக்கு உங்கள் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் வாரமா, தூத்துக்குடியில் கப்பலேறும் வாரமா, ஜெர்மனியில் அவருடைய கிடங்குக்குள் நுழையும் வாரமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.